சம்பளக் கணக்கும் பிளாஸ்ரிக் பாம்பும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் எழுத்தைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். ஹொக்கி பற்றி எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள். ஆனாலும் இதை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நான் ஸ்காபரோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மகன் இங்கே பிறந்தவன், ரொறன்ரோ ஹொக்கி அணியான லீஃப்ஸ் என்றால் பைத்தியம். 2025 மே மாதம் ஃபுளோரிடாவிடம் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் தோற்றதோடு விட்டுவிடுவான் என்று பார்த்தால், இப்போதுதான் கூடியிருக்கிறது. ஒக்ரோபர் வரை ஆட்டமே இல்லை. ஆனால் பேஸ்மென்றில் நாலு பெடியன்கள் கூடியிருந்து 'எட்டு வருசம், பன்னிரண்டு மில்லியன், இவ்வளவு கூட, அவ்வளவு குறைய' என்று விடிய விடியக் கதைக்கிறார்கள். சீதனப் பேச்சுக் கெட்டது போங்கள். ஆட்டத்தை விட்டுக் கணக்கை ரசிப்பது என்ன ரசனை?

இன்னொன்று. லீஃப்ஸை விட்டுப் போன மார்னரின் 16ஆம் இலக்க ஜெர்சியை மகன் கழற்றிக் குப்பைப் பையில் போட்டு கராஜில் வைத்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசம்தான். மார்க்கத்தில் பிறந்த பிள்ளை, இந்த அணியைப் பார்த்து வளர்ந்தவன். பத்து மில்லியன் போதாதா? அதே அணியில் ரவாரஸ் பதினொரு மில்லியனிலிருந்து நாலரைக்கு இறங்கி நிற்கவில்லையா? இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காசாசை?

(பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

சீதனப் பேச்சு என்றதை வாசித்துச் சிரித்துவிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம். சீதனத்துக்குக் கேட்கிறவர் வாய்தான் எல்லை. ஹொக்கியில் ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு மொத்தமாக எவ்வளவு ஒதுக்கலாம் என்று எழுதிவைத்த உச்சவரம்பு இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன் அமெரிக்க டொலர். ஆட்டங்கள் தொடங்கும் நாளில் அதற்குள் நின்றாக வேண்டும். பெடியன்கள் வாயில் இது 'கேப்'. '1967க்குப் பிறகு இந்த ஊருக்குக் கப் வரேல்லை, 2005இலை கேப்தான் வந்தது' என்று என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு மே மாதமும் சொல்லுவார். பழைய பகிடி. அதைக் காலாவதியாக்க வேண்டியது லீஃப்ஸின் பொறுப்பு.

உங்கள் பேஸ்மென்ற் காட்சி எனக்கும் பழக்கமானதுதான். ஜூலை முதலாம் திகதி, கனடா தினம், நாங்கள் ஒரு பார்க்கில் கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எந்த அணியும் கூப்பிட்டுப் பேசலாம் என்ற கதவு அன்று நண்பகலில்தான் திறக்கும். மார்னரின் கதை முதல்நாளே முடிந்துவிட்டது: வேகஸ் அணிக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன், பதிலுக்கு லீஃப்ஸுக்கு நிக்கொலா றுவா என்ற நடுவரிசை ஆட்டக்காரர். என் மருமகன் ஒரு பேப்பர் தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். லீஃப்ஸ் வீரர்களின் வருடச் சம்பளம், மில்லியனில்: மத்தியூஸ் 13.25. நைலாண்டர் 11.5. நைஸ் 7.75. ரைலி 7.5. ரவாரஸ் 4.38. கூட்டினால் 44.38.

'ஐஞ்சு பேருக்கு இவ்வளவு, மாமா. மிச்சம் 51 சொச்சத்துக்குள்ள பதினெட்டுப் பேரைப் பிடிக்கோணும்.'

'மார்னர் நிண்டிருந்தா?'

பன்னிரண்டைக் கழித்தான். '39. பதினேழு பேர்.'

தட்டின் மறுபக்கத்து எண்ணெய் ஊறி ரைலியின் 7.5 மெல்ல மெல்ல மறைந்தது. 'அது அப்பிடியே போகட்டும்' என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். ரைலியின் ஒப்பந்தம் 2030 வரை ஓடுகிறது. அதனால்தான் அந்த ஏக்கம்.

இவர்களுக்கு ஆட்டத்தை ரசிக்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஒரு பின்வரிசை ஆட்டக்காரர் ஏன் நீலக்கோட்டில் அரை விநாடி பிந்தினார் என்று பேசக் கண் பழக வேண்டும். 95.5இலிருந்து கழிக்க யாருக்கும் தெரியும். ஒரு பேனையும் தட்டும் இருந்தால் எவனும் அணியின் பொதுமுகாமையாளர். அந்தக் கதிரையில் ஒரு மத்தியானம் இருந்து பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? என்ன, ஜூலையில் போடுகிற கணக்கு ஓகஸ்ட்டிலேயே பிழைத்துவிடும்.

எட்மன்ரன் அணியைப் பாருங்கள். 2024இல் இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். ஒரு வாரம் கழித்து ஜூலை முதலாம் திகதி ஸ்கின்னரை மூன்று மில்லியனுக்கும் ஆர்விட்சனை நான்கு மில்லியனுக்கும் எடுத்தார்கள். இந்தக் கோடையின் வெற்றியாளர்கள் இவர்கள்தான் என்று எல்லோரும் மாலை போட்டார்கள். இதற்குள் புறொபேர்க், ஹொலவே என்று இரண்டு இளம் பெடியன்களின் ஒப்பந்தம் முடிந்து, கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர்கள் எங்கே போவார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் செயின்ற் லூயிஸ் அணி இருவருக்கும் ஒரே நாளில் விலை சொன்னது: ஒருவருக்கு வருடம் 4.58, மற்றவருக்கு 2.29. ஏழு நாளுக்குள் அதே விலையைக் கொடு, இல்லாவிட்டால் ஆளைக் கொடு என்பது விதி. எட்மன்ரனின் கேப் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. இருவரையும் விட்டார்கள். இழப்பீடாக வந்தது இளையோர் தேர்வில் இரண்டாம் சுற்று இடமொன்றும் மூன்றாம் சுற்று இடமொன்றும். அடுத்த பருவத்தில் ஹொலவே 26 கோல் போட்டு 63 புள்ளி எடுத்தார். ஜூலையில் மாலை போட்டவர்களில் ஒருவரும் அதைப் பிறகு கழற்றியதாக நான் காணவில்லை.

சரி, காசாசைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் உடன்படாத இடம் இதுதான்.

கேப் எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வந்து ஐந்தாறு வருடத்தில் நடந்தது. 2004 செப்ரெம்பரில் அணி உரிமையாளர்கள் கதவை மூடினார்கள். ஊரில் பலர் இன்றும் அதை வீரர்களின் வேலைநிறுத்தம் என்கிறார்கள். தொழிற்சாலையில் நிற்பவர் நீங்கள். வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உச்சவரம்புக்கு வீரர்கள் ஒத்துக்கொள்ளும்வரை ஆட்டமில்லை என்றார்கள். 2005 பெப்ரவரியில் முழுப் பருவமும் ரத்தானது. அந்த வருடம் ஸ்ரான்லி கிண்ணம் ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. கடைசியில் வீரர்கள் பணிந்தார்கள்: ஏற்கெனவே கையெழுத்திட்ட சம்பளங்களில் 24 சதவீதம் வெட்டு, முதல் உச்சவரம்பு 39 மில்லியன். 2012இல் மறுபடியும் கதவடைப்பு. வருமானத்தில் வீரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து 50க்கு இறங்கியது. அந்தப் பருவம் 48 ஆட்டத்தோடு முடிந்தது.

அந்த முதல் கதவடைப்பின்போது நான் ஒரு களஞ்சியத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு அறையில் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் வீரர்களைத் திட்டினோம். மில்லியன் கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று மேசையில் அடித்தவன் நான்தான். இரண்டு வருடத்தில் எங்கள் களஞ்சியத்தின் கதவிலேயே சங்கிலி விழுந்தது. அன்று வெளியே குளிரில் நின்றபோது ஹொக்கி நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொய். வரவில்லை. பல வருடம் கழித்துத்தான் வந்தது.

இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் தொழிற்சாலையில் மொத்தச் சம்பளம் இவ்வளவுதான் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். உங்களுக்கு ஒரு டொலர் கூடினால் அடுத்த மெசினில் நிற்கிறவருக்கு ஒரு டொலர் குறையும். எத்தனை நாளைக்கு நீங்கள் முதலாளியைத் திட்டுவீர்கள்? மார்னருக்கு நடந்தது அதுதான். அவருக்குப் போகும் பன்னிரண்டு, உரிமையாளரின் பையிலிருந்து போவதாக யாருக்கும் தோன்றவில்லை. பாவம், நாலாம் வரிசைக்காரனின் கோப்பையிலிருந்து அள்ளுவதாகத் தெரிகிறது. அவர் எட்டுக்கு நின்றிருந்தால் உங்கள் ரிக்கெற் விலை ஒரு சதம் குறைந்திருக்குமா?

கேப்பைத் தூக்கி எறியவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். கனடாவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. 1995இல் கியூபெக் அணி கொலராடோவுக்குப் போனது. அடுத்த வருடம் வினிபெக் அணி பீனிக்ஸுக்குப் போனது. ரசிகர் தருவது கனேடிய டொலர், வீரருக்குக் கொடுப்பது அமெரிக்க டொலர். சின்ன நகரங்களுக்கு மூச்சு முட்டியது. 2011இல் வினிபெக்குக்கு மறுபடி ஓர் அணி வந்து இன்றுவரை நிற்கிறது என்றால் அதில் கேப்புக்கும் பங்குண்டு. ரொறன்ரோ பணக்கார அணி. கேப் இல்லாவிட்டால் சந்தையையே வாங்கிவிடும். அதனால்தான் இந்த ஊர் ரசிகருக்கு அது கைவிலங்காகத் தெரிகிறது. வினிபெக்காரரிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவார்.

உச்சவரம்பு என்றால் சந்துபொந்தும் இருக்கும். நீண்ட காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்துக்குச் சலுகை உண்டு. 2021இல் டம்பா பே அணியின் குச்சரோவ் இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பருவம் முழுக்க ஆடவில்லை. பிளேஓஃப் தொடங்கிய அன்று வந்து இறங்கினார், கிண்ணமும் வென்றார்கள். அன்றைய விதிப்படி சரி. கொண்டாட்டத்தில் அவர் போட்டிருந்த பனியனில் 'கேப்புக்கு மேல் 18 மில்லியன்' என்று அச்சடித்திருந்தது. அந்த நகைச்சுவை உணர்வுக்கு நான் விசிறி.

லீஃப்ஸின் கதையில் இன்னொரு துண்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2018, 2019இல் ரவாரஸ், மத்தியூஸ், மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் ஒப்பந்தம் எழுதியபோது கேப் வருடா வருடம் ஏறும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. 81.5இல் நின்ற கேப் மூன்று பருவம் அசையவில்லை. பிறகும் இரண்டு பருவம் ஒவ்வொரு மில்லியனாகத்தான் நகர்ந்தது. நாலு பேருக்கே ஏறக்குறைய பாதி போனது. மிச்சத்தில் கோல்காப்பாளரையும் பின்வரிசையையும் தேடிப் பொறுக்கினார்கள். 2018இலிருந்து ஆறு முறை ஏழாவது ஆட்டம்வரை போய் ஆறிலும் தோற்றார்கள். அதில் மார்னருக்குப் பங்கில்லை என்று நான் வாதாட வரவில்லை. பெரிய இரவுகளில் அவர் காணாமல்போனதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2024-25 பருவத்தில் 102 புள்ளி எடுத்தவர், கடைசி இரவில் 6-1 என்று தோற்றபோது எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அதற்காகத் திட்டுங்கள், கூட வந்து திட்டுகிறேன். சம்பளத்துக்காகத் திட்டாதீர்கள்.

இப்போது ரவாரஸ். 34 வயதில், 77 மில்லியன் ஒப்பந்தம் ஒன்றை முடித்த கையோடு 4.38க்கு இறங்கினார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். ஆனால் மார்னருக்கு அப்போது 28 வயது. 28 வயது ரவாரஸ் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா? 2018 ஜூலை முதலாம் திகதி, அந்த வயதை எட்ட இரண்டரை மாதம் இருக்கும்போது, ஒன்பது பருவம் ஆடிய ஐலண்டர்ஸ் அணியை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தூங்கும் தன் படத்தைப் போட்டார். எங்களுக்கெல்லாம் கண் கலங்கியது. ஐலண்டர்ஸுக்குப் பதிலாக ஒரு றுவாகூடக் கிடைக்கவில்லை. 2019 பெப்ரவரி 28 அன்று அவர் லோங் ஐலண்டுக்கு முதல்முறை திரும்பிப் போனபோது, பழைய ரசிகர்கள் ஒவ்வொரு முறை ரப்பர் வட்டு அவரிடம் போகும்போதும் ஊளையிட்டார்கள். ஜெர்சியை எறிந்தார்கள். பிளாஸ்ரிக் பாம்புகளைப் பனித்தளத்தில் எறிந்தார்கள். லீஃப்ஸ் அன்றும் 6-1 என்றுதான் தோற்றது. எங்களுக்குத் தாய்வீடு திரும்பிய பிள்ளை, அங்கே பாம்பு.

அந்த ஜெர்சியைக் குப்பைக்காரர் வருமுன் பையிலிருந்து எடுத்து வையுங்கள். அது மலிவான சாமான் இல்லை என்பது வாங்கிக்கொடுத்த உங்களுக்குத் தெரியும். வேகஸ் அணி இங்கே ஆட வரும் நாளில் மகன் தேடக்கூடும். போட்டுக்கொண்டு போகவா, எறியவா என்பது அவன் பாடு. ரிக்கெற் வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்குங்கள், காசு தருகிறேன். வழியில் டொலர் கடையில் நிறுத்தச் சொன்னான் என்றால் மட்டும், என்ன வாங்குகிறான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.