‘புது’ என்ற சொல்: கேட்டதும் சொன்னதும்

‘புது’ பக்கத்து மொழிகளில் என்னவாகிறது என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கே: அக்கா, ஓசூர் என்ற பெயருக்கும் ஓசைக்கும் தொடர்பு உண்டா?

ஒன்றும் இல்லை. கன்னடத்தில் ஹொஸ ஊரு, அதாவது நம்ம புதூர்தான். பழங்கன்னடத்தில் ‘பொஸ’ என்று இருந்தது. சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே சொல் முதலில் வரும் ப மெல்ல மெல்ல ஹ ஆகிவிட்டது, பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு உடனே பிடிபடும். தமிழ் வாய்க்கு ஹ ஒட்டாது, ஓசூர் என்றாகிவிட்டது. நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம், மண்டியா பக்கம் ஒரு கிராமத்துப் பாட்டி என்னிடம் “ஆலு பேக்கா?” (வேணுமா?) என்றார்; இந்தி ஆலு என்று நினைத்து, உருளைக்கிழங்கை எதற்குத் தருகிறார் என்று நான் விழிக்க, சொம்பில் பால் வந்தது.

கே: துளுவிலும் ஹ தானா?

இல்லை. துளுவில் இன்றும் ‘பொஸ’. புலியும் ‘பிலி’தான்.

கே: தெலுங்கு ‘கொத்த’வும் புதுவிலிருந்து வந்ததா சார்?

சார் இல்லை, அக்கா! அது வேறு வேர், பழைய வடிவம் ‘க்ரொத்த’. ஆனால் வேடிக்கை பாருங்கள், ‘பழைய’ மட்டும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்று: ‘பழ’ என்ற வேர் தெலுங்கில் ‘ப்ராத’ ஆகி, பிறகு ர தேய்ந்து ‘பாத’ ஆனது. ஹைதராபாத்தின் பழைய நகரத்தைப் பாதபஸ்தி என்பது அதனால்தான். கன்னடத்தில் அதே சொல் ‘ஹளெ’, கர்நாடகத்து ஹளேபீடு ஊர்ப் பெயரில் இருக்கிறதே.

கே: புது, நவ இரண்டும் ஒன்றா?

பொருள் மட்டும் ஒன்று. நவ என்பதற்கு உறவு லத்தீன் நோவுஸ், ஆங்கில நியூ. நம்ம ‘புது’வின் சொந்தத்தைத் தேடினால் ஜார்க்கண்டு வரை போகலாம், அங்கே குடுக் என்ற திராவிட மொழியில் ‘புனா’.

கே: புதிய, புது, எதை எங்கே எழுதுவது?

பெரும்பாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் புது மாப்பிள்ளையைப் புதிய மாப்பிள்ளை என்றால் மாமியாரே சிரிப்பார். ‘புது’வுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் ஒற்று இரட்டிக்கும்: புத்தாண்டு, புத்துயிர். வெறும் இலை வெற்றிலை ஆனதும் அப்படித்தான்.