மூணாவது பேருக்கு 18 ஆயிரம்

வணக்கம் சார்,

தர்மபுரி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொபசரா இருக்கேன், பார்ட் டைம்ல பிஎச்டியும் பண்றேன். பேரு போட வேண்டாம். தக்காளி இலைய போட்டோ எடுத்தா என்ன நோய்னு சொல்ற மாடல்தான் என் டாபிக். பிளான்ட்வில்லேஜ்னு நெட்ல எல்லாருக்கும் கெடைக்கற இலைப் படத் தொகுப்புல (டேட்டாசெட்) டிரெய்ன் பண்ணி அதுலயே டெஸ்ட் பண்ணா 98 சதவீதம் வருது. பாலக்கோட்டுல எங்க தாத்தா தோட்டத்துல நானே மொபைல்ல 412 போட்டோ எடுத்து அதே மாடல்ல போட்டேன், 43தான் வந்துச்சு. கைடுகிட்ட காட்டினா "அத எதுக்கும்மா கிளர்ற, 98 மட்டும் போடு"ங்கறார். இந்த வருஷ அப்ரைசலுக்கு ரெண்டு பேப்பர் கட்டாயம் வேணும். கூட இருக்கறவங்க ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேத்து விட்டாங்க, அதுல ரெடியா இருக்கற பேப்பர்ல நம்ம பேரு சேக்க ரேட் போட்டிருக்கான். ஃபர்ஸ்ட் ஆதர் 35 ஆயிரம், மூணாவது பேருன்னா 18 ஆயிரம், ஸ்கோபஸ்னு ஜர்னல் பட்டியல் இருக்கே, அதுல வர்றது கேரண்டியாம். ஏஐல நெஜமான ஆராய்ச்சியெல்லாம் ஆயிரக்கணக்குல ஜிபியு (ஏஐ மாடல ஓட்டற காஸ்ட்லி சிப்) வச்சிருக்கற கம்பெனிக்காரன் பண்றான், நம்ம லேப்ல என்னத்த கிழிக்க முடியும்னு எல்லாரும் கேக்கறாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல. நீங்க என்ன நெனைக்கிறீங்க?

*

வணக்கம்மா,

18 ஆயிரம் உங்க சம்பளத்துல எவ்ளோ பெரிய துண்டுன்னு எனக்குத் தெரியும், நானும் அந்த மாதிரி ஒரு காலேஜ்ல எட்டு வருஷம் குப்பை கொட்டினவன்தான். அதனால ஒழுக்கம் பத்தி லெக்சர் எடுக்கப் போறதில்ல. அந்தக் காசுக்கு அவன் என்ன சரக்கு தர்றான்னு மட்டும் பாப்போம்.

2021ல கபனாக், லாபே, மகசினோவ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் சேந்து ஒரு விஷயத்த வெளிய கொண்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர்கள்ல ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்னு இருக்க வேண்டிய எடத்துல 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்'னு இருக்கு, அதாவது கள்ள உணர்வு. பிக் டேட்டா 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆயிடுச்சு, கிளவுட் கம்ப்யூட்டிங் 'ஹேஸ் ஃபிகரிங்' ஆயிடுச்சு. தமிழ்ல சொல்லணும்னா தலைமை ஆசிரியர சிரசு வாத்தியார்னு எழுதி, கால்வாய பாதவாய்னு எழுதின மாதிரி. அடுத்தவன் பேப்பர காப்பி அடிச்சு, சாஃப்ட்வேர்ல குடுத்து வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா இப்படித்தான் வரும். எதுக்கு மாத்தணும்? காப்பி புடிக்கற மிஷின ஏமாத்தத்தான். நம்ம ஊர்ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட ரூல்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை கெடையாது, உடனே எல்லாரும் பேப்பர விட்டுட்டு அந்த 10 சதவீதத்தத்தான் எழுதக் கத்துக்கிட்டாங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அதெல்லாம் ஏதோ தெருக்கோடி ஜர்னல்ல மட்டும் வந்தது இல்ல, எல்செவியர்ங்கற பெரிய பதிப்பகத்தோட மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜர்னல்லயே வந்திருக்கு, ரிவ்யூவர், எடிட்டர், ப்ரூஃப் பாக்கறவர்னு இத்தன கை தாண்டியும் ஒருத்தருமே "கள்ள உணர்வுன்னா என்னய்யா"ன்னு கேக்கல, ஏன்னா ஒருத்தருமே படிக்கல.

ரிவ்யூவுக்குன்னு எனக்கு வந்த ஒரு பேப்பரயும் சொல்றேன். டெஸ்ட் செட்டுல 200 படம்னு மேல எழுதியிருக்கு, கீழ இருந்த கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ்ல (எத்தன படத்த மாடல் சரியா சொல்லுச்சு, எத்தனைய தப்பா சொல்லுச்சுன்னு காட்டற டேபிள்) கட்டம் கட்டமா கூட்டிப் பாத்தா 214 வருது. பதினாலு படம் எங்கேந்து வந்துச்சு, வானத்துலேந்தா? அதுல அஞ்சு ஆதர், அஞ்சு பேருக்கும் கூட்டல் தெரியலன்னு நான் நம்பல.

கேரண்டின்னு சொல்றானே, அதயும் பாத்துடுவோம். ஹிந்தாவின்னு ஒரு பதிப்பகம், அத வைலி 2021ல வெல குடுத்து வாங்குச்சு. ஸ்பெஷல் இஷ்யூங்கற பேர்ல காசுக்கு எழுதின பேப்பர்கள் கூட்டமா உள்ள வந்தது தெரிஞ்சு 2023ல மட்டும் 8,000க்கு மேல வாபஸ் வாங்கினாங்க. கம்ப்யூடேஷனல் இன்டெலிஜென்ஸ் அண்ட் நியூரோசயின்ஸ்னு நம்ம ஆளுங்க ஆசையா பேப்பர் அனுப்பின ஜர்னல், அதயே இழுத்து மூடிட்டாங்க. வாபஸ் ஆன பேப்பர் ஒண்ணும் காணாமப் போகாது, மேல ரிட்ராக்டட்னு முத்திரையோட உங்க பேரையும் தாங்கிக்கிட்டு அங்கயேதான் இருக்கும். ஏஜென்ட் அப்ப வேற நம்பர் மாத்தியிருப்பான்.

சரி, உங்க 43க்கு வர்றேன், எனக்கு உங்க லெட்டர்லயே புடிச்சது அதான்.

பிளான்ட்வில்லேஜ்ல 54 ஆயிரத்துச் சொச்சம் இலை படம் இருக்கு, 14 பயிர், 38 வகுப்பு (எந்தப் பயிர், என்ன நோய்ங்கற பிரிவு). ஆனா இலையப் பறிச்சு, ஒரே நெறப் பேப்பர் மேல வச்சு எடுத்த படம். தோட்டத்துல இலை அப்படியா இருக்கு? ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், பாதி நெழல்ல இருக்கும், மண்ணு தெறிச்சிருக்கும், பின்னாடி தாத்தா வேட்டி தெரியும். 2016ல மொகந்தி, ஹியூஸ், சலாதே மூணு பேரும் இந்த டேட்டாசெட்ல 99.35 சதவீதம் எடுத்தாங்க, அந்தப் பேப்பரத்தான் உங்க கைடும் மேற்கோள் காட்டச் சொல்லியிருப்பார். அதே பேப்பர்லயே வேற சூழ்நெலைல எடுத்த படத்தக் குடுத்தா 31க்கு இறங்கிடுதுன்னும் எழுதி வச்சிருக்காங்க, அவங்க ஒளிக்கல. நம்ம ஆளுங்க 99 வரைக்கும் படிச்சுட்டு மூடி வச்சுட்டாங்க.

2022ல நோயான்னு ஒருத்தர் (தலைப்புக்கும் பேருக்கும் பொருத்தத்தப் பாருங்க) இன்னும் ஒரு படி மேல போனார். இலையவே பாக்காம, ஒவ்வொரு படத்துலயும் பேக்ரவுண்ட்லேந்து வெறும் 8 பிக்சல் மட்டும் எடுத்து மாடலுக்குக் குடுத்தார். 49 சதவீதம் சரியா சொல்லிச்சு. 38 வகுப்புல கண்ண மூடிக்கிட்டு சொன்னா 2.6 சதவீதம்தான் வரணும். அப்ப உங்க 98ல இலை எவ்ளோ, அடில வச்ச பேப்பர் எவ்ளோ? ஜிபியு இல்லாம என்ன கிழிக்க முடியும்னு கேட்டாங்கல்ல, அவங்களுக்கு இந்த 8 பிக்சலக் காட்டுங்க, உங்க லேப்ல இருக்கற பழைய லேப்டாப்லயே ஓடும். பெரிய கம்பெனி எவனும் பாலக்கோட்டு தக்காளித் தோட்டத்துக்கு வந்து 412 போட்டோ எடுக்கப் போறதில்ல.

அதனால 18 ஆயிரத்த பேங்க்லயே விடுங்க. கைடுகிட்ட சண்ட போட வேண்டாம், அவர் 98 பக்கத்துலயே 43யும் ஒரு வரிசையா டேபிள்ல போட்டு, எதனால இறங்குச்சுன்னு பிரிச்சுக் காட்டுங்க. நெழல்ல எடுத்தது தனியா, வெயில்ல எடுத்தது தனியா, ஒத்த இலை தனியா, கொத்தா இருக்கறது தனியா. தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஜர்னல் பேப்பர் போட்டே ஆகணும்ங்கற கட்டாயத்த யுஜிசி 2022 நவம்பர்லயே எடுத்துடுச்சு, உங்க யுனிவர்சிட்டி தனியா ரூல் வச்சிருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க. அப்ரைசல் வேற கதை, இந்த வருஷம் ரெண்டுக்கு ஒண்ணுதான் காட்ட முடியும், இன்க்ரிமென்ட் தள்ளிப் போகலாம், அத நான் இல்லன்னு சொல்லல.

அப்பறம் ஒரு சந்தேகம். அந்த 412ல எது இலைக்கருகல், எது இலைச்சுருள்னு பிரிச்சது யாரு, தாத்தாவா? ஆமான்னா வேளாண் பல்கலைக்கழகத்து ஆள் யாராவது ஒருத்தர்கிட்டயும் அதே படங்களக் குடுத்து பிரிக்கச் சொல்லுங்க, ரெண்டு பேரும் எத்தனைல ஒத்துப்போறாங்கன்னு எண்ணி எனக்கு எழுதுங்க.