மனத்திரை இல்லாத வாசகி

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில், கதை படிக்கும்போது மனத்துக்குள் படம் ஓடுவதாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எதுவும் ஓடுவதில்லை. மறைந்த என் அம்மாவின் முகத்தைக்கூடக் கண்ணை மூடிக் கண்டதில்லை. ஆனால் ஒரு நாவலில், பெண்ணொருத்தி வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் இடத்தில் அழுதிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக நான் சரியாகப் படிக்கவே இல்லையா?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது நோய் அன்று. 1880ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன், காலையில் உணவருந்திய மேசையை நினைவுகூர்ந்து அதன் ஒளியும் நிறமும் மனத்தில் எப்படித் தெரிகின்றன என்று பலரிடம் கேட்டு, எதுவுமே தெரியவில்லை என்றவர்களின் விடைகளையும் பதிவுசெய்தார். எக்ஸிடர் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆடம் ஜீமன் 2015இல் இந்நிலைக்கு 'அஃபாண்டேசியா' என்று பெயரிட்டார்.

வாசிப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கண்வழி வந்த எழுத்துருக்கள் மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதியை அடைந்து, இடப்பக்க அடிப்பகுதியில் சொற்களாக அடையாளம் காணப்பட்டு, அங்கிருந்து பொருளுணரும் பகுதிகளுக்குச் செல்கின்றன. இது எழுத்தறிந்த எல்லோருக்கும் பொது. அதன்பின் பொருளும் நினைவும் வந்த வழியே திரும்பிச் சென்று பார்வைப் பகுதியைத் தூண்டினால் படம் எழுகிறது. இந்தத் திரும்பும் ஓட்டந்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. உங்களிடம் அது படமாக முடிவதில்லை. முதல் வேலையில் உங்களுக்குக் குறை ஏதும் இல்லை.

படம் ஓடுகிறவர்களுக்கும் அது திரைப்படம்போல் ஓயாமல் ஓடுவதில்லை என்றே கருதுகிறேன். 1967இல் லீ புரூக்ஸ் என்ற உளவியலாளர், கட்டங்களுக்குள் எண்கள் அமையும் விதத்தைச் சொல்லும் வாக்கியங்களைத் தந்து, அதை மனக்கண்ணில் அமைத்துக்கொள்ளச் சொன்னார். காதால் மட்டும் கேட்டவர்களைவிட, கண்ணால் படித்தவர்கள் தடுமாறினார்கள். எழுத்தைப் பார்ப்பதும் மனத்தில் பார்ப்பதும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கதையின் ஓரிடத்தில் நாம் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திக்கொள்வது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் ஜோயல் பியர்சன் குழுவினர் சிட்னியில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டறையில் அச்சமூட்டும் கதைகளைப் படிக்கவைத்துத் அச்சத்தில் வியர்க்கும்போது கூடும் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். மனப்படம் உள்ளவர்களுக்குக் கதை ஏற ஏற அளவும் ஏறியது. உங்களைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. அச்சமூட்டும் படங்களை நேரில் காட்டியபோதோ இரு சாராரும் ஒன்றுபோலவே அஞ்சினார்கள். ஆகவே உணர்ச்சி இல்லாமல் இல்லை. எழுத்திலிருந்து உடலின் அச்சத்துக்குப் போகும் ஒரு குறுக்குவழி உங்களிடம் இல்லை, அவ்வளவே.

அந்த ஆய்வு அளந்தது அச்சத்தை. உங்களை அழவைத்தது வேறு. அந்தக் கதவின் நிறமோ பூட்டின் வடிவமோ தெரிந்திருந்தால் நீங்கள் கூடுதலாக அழுதிருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை, அதற்கு முந்தைய பக்கங்கள் முழுவதையும் மனத்தில் ஏந்தியிருந்தவரால்தான் உணர முடியும். அங்கே முகத்தை வருணித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று ஓர் எழுத்தாளனாகச் சொல்வேன்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு வேண்டுகோள். 'கண்ணை மூடிக் காட்சியைப் பாருங்கள்' என்று வகுப்பில் சொல்லும்போது, எதுவும் தெரியாமல் விழிக்கும் பிள்ளை ஒன்றிரண்டு அங்கும் இருக்கலாம். அப்பிள்ளையிடம் அந்தக் காட்சியில் யார் என்ன நினைத்தார்கள் என்று கேளுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனப்படம் இல்லாதவர்களில் பலர் கனவில் மட்டும் உருவங்களைக் காண்பதாக ஜீமனிடம் கூறியிருக்கிறார்கள். விழித்திருக்கையில் அழைத்தால் வராத முகம் உறக்கத்தில் தானாக வருகிறது. உங்கள் அம்மா கனவில் வருவதுண்டா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்.