கேப்டன் பதவியா, புதிய நிறுவனமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். வயது 29. சில மாதங்களில் கேப்டன் பதவி உயர்வு கிடைத்துவிடும். இந்த நேரம் பார்த்து, குறைந்த கட்டண நிறுவனம் ஒன்று ஏர்பஸ் 320-க்குத் துணை விமானியாக அழைக்கிறது. பெரிய விமானம், ஆசையாக இருக்கிறது. என் கனவு டெல்டா போன்ற பெரிய நிறுவனம், அதிலும் டெல்டாதான். மனைவிக்கு சிகாகோவில் வேலை; வீடும் அங்கேயே வாங்கிவிட்டோம். எதைத் தேர்ந்தெடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

விமானத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சீனியாரிட்டியைப் பற்றி, அதாவது நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் எண்ணைப் பற்றி, ஒரு வரிகூட இல்லையே! எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு வீட்டில் இருப்போமா என்பது வரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த எண்தான். ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். நிறுவனம் மாறினால் எண் கூடவே வராது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் கடைசி ஆள்தான்.

ஆகவே கையோடு எடுத்துப்போகக்கூடியதைச் சேருங்கள். குறைந்த கட்டண நிறுவனத்தில் சேர்த்த சீனியாரிட்டியை டெல்டாவுக்குக் கிளம்பும் அன்று அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். இப்போதைய நிறுவனத்திலேயே இருந்து கேப்டனாகப் பறந்த மணிகளோ உங்கள் பதிவேட்டை விட்டுப் போகாது. டர்பைன் இன்ஜின் விமானத்தில் கேப்டனாக 1000 மணி என்பதைப் பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் விரும்பிக் கேட்டன. ஆள் தட்டுப்பாட்டில் அது இல்லாமலும் எடுத்தார்கள். அந்தத் தாராளத்தை நம்பித் திட்டம் போட மாட்டேன்.

ஒன்று, 1000 மணி ஓராண்டில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க விதிப்படி 365 நாட்களில் ஒரு விமானி பறக்கக்கூடிய உச்சவரம்பே 1000 மணிதான். புதிய கேப்டனையோ ரிசர்வில், அதாவது அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் பணியில், உட்காரவைப்பார்கள். அழைப்பு வராத நாளில் பதிவேட்டில் எதுவும் ஏறாது.

அதற்காக 1000 நிறையட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே விண்ணப்பித்து, மணிகள் ஏற ஏறப் புதுப்பித்துவாருங்கள். கேப்டனாகி 150 மணி ஆனபோதே பெரிய நிறுவனம் கூப்பிட்டாலும் போய்விடுங்கள். 'பந்திக்கு முந்து' என்பது நம் தொழிலுக்கென்றே சொன்னது போலிருக்கிறது. பயிற்சி வகுப்பை ஒரு மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அந்த மாதம் சேர்ந்தவர்கள் எல்லாரும் பணிக்காலம் முழுக்க அவர்களுக்கு மேலேதான் இருப்பார்கள். 2007 டிசம்பரில் அமெரிக்க விமானிகளின் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. மேலே இருந்தவர்கள் ஓய்வுபெற்று இடம் விடவில்லை. கீழே இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அதே இருக்கையில் தேங்கினார்கள். இதில் கீழே இருந்தவர்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை.

டெல்டா கனவுக்கு வருகிறேன். டெல்டாவுக்கு சிகாகோவில் விமானிகள் தளம், அதாவது விமானிகள் பணியைத் தொடங்கி முடிக்கும் ஊர், இல்லை. டெட்ராயிட்டுக்கோ மினியாபொலிஸுக்கோ வேறு விமானத்தில் காலி இருக்கை தேடிப் போய், அங்கே வாடகை அறையில் படுத்து ரிசர்வ் பார்க்க வேண்டும். மற்ற பெரிய நிறுவனங்களான யுனைடெட், அமெரிக்கன் இரண்டுக்குமே சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் தளம் உண்டு. காரில் வேலைக்குப் போய் வரலாம். பணிமூப்பு குறைந்தவருக்கு உடனே அந்தத் தளம் கிடைக்காமல் போகலாம், ஆனாலும் கிடைக்க வழியாவது இருக்கிறது. மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். யார் முதலில் அழைத்தாலும் போங்கள். ஒரே வாரத்தில் டெல்டாவும் யுனைடெட்டும் அழைத்தால், உங்கள் இடத்தில் நான் யுனைடெட்டில்தான் சேருவேன்.