பாட்டுக்கு காசா, அரிசிக்கு காசா? (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம். எங்க சேகரத்துக்கு (சர்ச் வட்டாரத்துக்கு) புதுசா வந்த ஐயர், அதான் பாதிரியார், வில்லுப்பாட்டு கட்டுறாரு, சுவத்துல படம் வரையுறாரு, சாயங்காலம் காலனில சாப்பாடும் போடுறாரு. "உடுக்கை, பறைக்கெல்லாம் எதுக்கு செலவு, அதுக்கும் சேத்து அரிசி வாங்கலாமே"ன்னு கமிட்டில கேக்குறாங்க. கலைய காட்டி ஏழைங்கள இழுக்குற மாதிரி எனக்கும் நெருடுது. என்ன படிக்கலாம்னும் சொல்லுங்க.

(ரெண்டு பக்க கடிதம், சுருக்கிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

இழுக்குறாரான்னு தெரியணும்னா, சோறு போடும்போது பேர் எழுதி வாங்குறாரான்னு பாருங்க, வாங்கலன்னா விட்டுருங்க. நான் பதில் போடுறதே உங்க கடிதம் வந்த நேரம் பரட்டை அண்ணன நெனச்சிட்டு இருந்ததாலதான்.

அவரு நெசப் பேரு ஜே. தியோபிலஸ் அப்பாவு. 1940ல பொறந்து 2005ல போனவரு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவரு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரில வாத்தியாரு, கிராமத்து மெட்டுல ஆராதனையையே கட்டினவரு. வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துலேர்ந்து கர்நாடக ராகத்துல கீர்த்தனை, இன்னொரு பக்கம் வெள்ளக்கார மெட்டுல பாமாலை, ரெண்டையும் ஒசத்தின்னு வெச்சுக்கிட்டு பறைய மட்டும் சாவு மேளம்னு சர்ச்சுக்கு வெளியவே நிறுத்துன ஆளுங்ககிட்டதான் அவரு மல்லுக்கு நின்னாரு. எல்லாரும் கொண்டு வர்றத ஒரே உலைல போட்டு ஆக்கி ஒண்ணா திங்குறதுதான் சர்ச்சுல அப்பமும் ரசமும் பகிர்ற திருவிருந்துக்கு அர்த்தம்னாரு.

நமக்கு அசனம், சர்ச்சுல எல்லாருக்கும் போடுற விருந்து, இருக்கேம்பீங்க. எங்க ஊரு அசனத்துலயும் ஒரே பந்திதான், ஆனா அண்டா பக்கம் யாரு போலாம் யாரு போக்கூடாதுங்கறது சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும், யாரும் சொல்லித் தந்ததில்ல.

சரி, நான் பிடிச்சுத் தொங்குற விஷயத்துக்கு வரேன். பாட்ட மாத்துற உரிமை. கீர்த்தனைல ஒரு சங்கதி பிசகினா பாடகர் குழு மொத்தமும் திரும்பி மொறைக்கும், அதுக்கு புக்கு வேணும், எழுத்து தெரியணும், ஆர்மோனியம் வேணும். கிராமத்து மெட்டுக்கு கைத்தாளம் போதும், வரி மறந்துச்சா நீயே ஒண்ணு போட்டுக்கோ, கெழவி இழுத்துப் பாடும், பசங்க ஓட்டிப் பாடுவானுங்க. தன் பாட்ட ஜனங்க இப்டி மாத்திப் பாடணும்னுதான் அப்பாவு ஆசப்பட்டாரு. அரிசிய எவ்ளோ அள்ளிக் கொடுத்தாலும் குடுக்குறவன் கை மேல, வாங்குறவன் கை கீழதான் தம்பி. பாட்டுலதான் அந்த ஆளு "அப்டி இல்ல ஐயரே, எங்க அடி வேற"ன்னு திருத்த முடியும், இன்னிக்கு ஐயர திருத்துனவன் நாளைக்கு கூலி ஏன் கம்மின்னும் கேப்பான். கமிட்டிக்கு பயமே அதுதான், அரிசி விலைக்கும் அவங்க கவலைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.

உங்க மேலயும் கோவம் இருக்கு. ரெண்டு பக்கம் எழுதிருக்கீங்க, ஐயர் குரலு, ஐயர் படம், ஐயர் மனசு. காலனில யாரு பாடுனா, யாரு உடுக்க அடிச்சா, ஒரு வரி கூட காணோம்! கட்டினதும் பாடுறதும் அடிக்கிறதும் அவரேன்னா கமிட்டி சொல்றதுதான் சரி, பேசாம அரிசியே வாங்குங்க. பாட்டையும் மேளத்தையும் காலனி ஜனங்க கைல குடுத்துட்டாருன்னா அசனத்துக்கு பிரிக்குற காசுல கொஞ்சம் எடுத்து பறை வாங்குங்க, ஒரு வருஷம் கறி கம்மியானா யாரும் செத்துற மாட்டாங்க.

படிக்கணும்னா ஸோயி ஷெரினியன் அப்பாவு பத்தி 2014ல இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் போட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி காலனில போய் ஒரு சாயங்காலம் சும்மா உக்காருங்க, யாரையும் பாடச் சொல்லாதீங்க, போட்டோ எடுக்காதீங்க.