ஏரியில் பெரிய பிரவுன் டிரவுட்: கேள்வி பதில்

ஏரிகளிலும் அணைத் தேக்கங்களிலும் பெரிய பிரவுன் டிரவுட் (குளிர்ந்த நன்னீரில் வாழும் ஒரு மீன்) பிடிப்பதைப் பற்றி நண்பர்கள் பல ஊர்களிலிருந்து கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், அதனால் பேச்சு அடிக்கடி இங்கேயே வந்து நிற்கும். 'பெரியது' என்று நான் சொல்வது பத்து பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் நாலரைக் கிலோ. இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கோடு அதுதான்.

ஹோபார்ட்: அண்ணா, ரெண்டு சீசனா கிரேட் லேக் போய்க்கிட்டிருக்கேன். ஒரு கிலோ மீன் நிறைய வருது, பெரிசு ஒண்ணும் மாட்டல. லூரைப் பெரிசாக்கினா போதுமா?

லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) இருக்கட்டும், முதலில் ஏரியை மாற்றுங்கள். கிரேட் லேக்கில் மீன் ஏராளம். சுற்றியுள்ள ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகிக்கொண்டே இருக்கிறது. இருக்கிற இரையை அத்தனை வாய்களும் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கிலோவோடு நின்றுவிடும். பெரிய மீன் வளர்வதற்கு நேர்மாறான ஏரி வேண்டும்: மீன் கொஞ்சம், தீனி மிகுதி. லேக் கிரெசன்ட் அப்படிப்பட்டது. கோல்டன் கேலக்ஸியாஸ் என்ற சின்ன மீன் அங்கே கூட்டம் கூட்டமாக உண்டு. உலகத்தில் அது இயற்கையாக இருப்பதே கிரெசன்டிலும் பக்கத்து ஏரியான சோரலிலும்தான். அதைத் தின்றே டிரவுட் கொழுக்கிறது. ஆனால் ஒன்று, அங்கே போனால் வெறுங்கையோடு திரும்பும் நாள்தான் அதிகம். அது பிடிக்காது என்றால் கிரேட் லேக்கே நல்லது. அதில் தப்பொன்றும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. பூச்சியும் நத்தையும் தின்கிற டிரவுட் ஓரளவுக்கு மேல் வளராது. தேடி அலைகிற சக்திக்கும் கிடைக்கிற தீனிக்கும் கணக்குச் சரியாகிவிடும். அந்த அளவைத் தாண்ட வேண்டுமானால் அது மீன் தின்னத் தொடங்க வேண்டும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது டிரவுட்டை அல்ல, டிரவுட் தின்னும் மீனை. சின்ன மீன் எந்தக் கரையில், எந்தப் பாறைச் சரிவில், எந்த மாதம் கூடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கரையோரம் நீர்க்காகம் திரும்பத் திரும்ப முங்கி எழுகிற இடத்தைப் பார்த்து வையுங்கள். விடியற்காலையில் அங்கே போய் நில்லுங்கள்.

மெல்பர்ன்: லேக் பெடரில் ஒரு காலத்தில் ராட்சத மீன்கள் கிடைத்தன என்கிறார்கள். கதையா, நிஜமா? இப்போது ஏன் இல்லை?

நிஜம்தான். பழைய பெடர் ஒரு சின்ன ஏரி, வெண்மணல் கரையோடு இருந்தது. 1972இல் நீர்மின் திட்டத்துக்காக அணைகள் கட்டி அந்தப் பள்ளத்தாக்கையே மூழ்கடித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது, ஆனால் பலிக்கவில்லை. ஏரி பல மடங்கு பெரிதானது. நிலம் மூழ்கும்போது மண்புழு, வண்டு, புல்லில் இருந்த பூச்சி எல்லாம் தண்ணீருக்குள் வந்துவிடும். மட்கும் செடிகொடி நீருக்கு உரமாகும், அதனால் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்பவை பெருகும். மீனின் எண்ணிக்கையோ உடனே கூடிவிடாது. ஆக, கொஞ்சம் மீனுக்கு அளவில்லாத விருந்து. எழுபதுகளில் இருபது பவுண்டைத் தாண்டிய பிரவுன் டிரவுட் அங்கே பிடிபட்டது இப்படித்தான். விருந்து சில வருடங்களில் தீர்ந்தது, மீன் எண்ணிக்கையோ ஏறியது. இன்று பெடரில் சராசரி மீன் ஒரு கிலோ பக்கம்.

புதிதாகத் தேங்கும் எந்த அணைக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும் உண்டு. பல வருடம் வற்றிக் கிடந்து, கரையில் புல் முளைத்து, பிறகு நிரம்பும் ஏரியிலும் சின்ன அளவில் இது நடக்கும். ஆகவே மழைக்காலத்தில் எந்தத் தேக்கம் எத்தனை மீட்டர் ஏறியது என்று பார்த்து வைப்பது வீண் வேலை இல்லை. தண்ணீர் புதிதாக ஏறிய புல்வெளியில், முழங்கால் ஆழத்தில், பெரிய மீன் வாலை வெளியே நீட்டியபடி புழு பொறுக்குவதைப் பார்க்கலாம்.

பெடரைப் புகழ்ந்து மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. பெடர் கேலக்ஸியாஸ் என்ற சொந்த மீன் ஒன்று அந்த ஏரியிலிருந்து அழிந்தே போனது. டிரவுட் தின்றதும் அதற்கு ஒரு காரணம். மலை மேலுள்ள ஓபரன் ஏரிக்குக் கொஞ்சத்தைக் கொண்டுபோய் விட்டதால்தான் அந்த இனம் பிழைத்தது.

கிறைஸ்ட்சர்ச்: உலக சாதனை மீன் எங்கள் ஓஹாவ் கால்வாயில்தான் பிடிபட்டது. சால்மன் பண்ணைத் தீனி தின்ற மீனைச் சாதனை என்று ஒப்புக்கொள்வீர்களா சார்?

2020 அக்டோபரில் பிடிபட்ட அந்த மீன் 20.1 கிலோ. விதிப்படி சாதனைதான், மீன்பிடி சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற உலக அமைப்பு ஏற்றுக்கொண்டது. கால்வாயில் சால்மன் கூண்டுகள், கூண்டிலிருந்து வழியும் தீனி, நிற்காத நீரோட்டம். இரை தானாக வாய்க்கு வருகிறது. மேலே சொன்ன அதே கணக்குதான், மனிதர் உபயத்தில். மீனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த நூலில் அந்த எடையைக் கரைக்குக் கொண்டுவருவது சும்மாவா? ஆனால் எனக்கு அங்கே நிற்கப் பிடிப்பதில்லை. கான்கிரீட் போட்ட கரை போலிருக்கும், பக்கத்திலேயே ஆள் நிற்பார்.

அந்தக் கால்வாய்க்குப் பக்கத்திலேயே பென்மோர் ஏரி இருக்கும்போது அங்கே போகலாமே. ஆறு வந்து ஏரியில் விழும் இடங்களைப் பாருங்கள், அஹுரிரி, ஹால்டன் என்ற ஏரியின் இரண்டு கிளைகளிலும். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்மேடு சட்டென்று ஆழத்தில் இறங்கும் விளிம்பு ஒன்று இருக்கும். மேட்டில் சின்ன மீன், விளிம்புக்குக் கீழே பெரிய மீன். இருட்டும் நேரத்தில் பெரியது மேலே ஏறி வரும். விளிம்புக்கு அப்பால் வீசி, லூரைச் சரிவின் மேலாக ஏற்றிக் கொண்டுவாருங்கள். மணல் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், காலடியில் சரிந்துவிடும்.

ஒரு சின்ன உரிமைக் கோரல்: உங்கள் மீனின் பாட்டன் பாட்டி எங்கள் ஊர். 1864இல் இங்கிலாந்திலிருந்து பாசியும் பனிக்கட்டியும் வைத்துக் கப்பலில் வந்த முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரிந்தன. நியூசிலாந்துக்கு இங்கிருந்து போனது 1867இல்.

ஸ்காபரோ: அண்ணை, என்னட்ட படகு இல்லை. ஒன்டாரியோ ஏரியில கரையில நிண்டு பெரிய பிரவுன் பிடிக்கலாமோ? எந்த மாதம் நல்லது?

தாராளமாகப் பிடிக்கலாம். படகு இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏரி குறைவு. பனி உருகியதிலிருந்து மே நடுவரை உங்கள் காலம். ஏரியின் நடுப்பகுதி அப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும். கரையோரத் தண்ணீர் மட்டும் வெயிலில் முதலில் சூடாகும். ஓடை வந்து விழுகிற இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூட. சின்ன மீன் அங்கே வரும், அதன் பின்னால் பிரவுன் வரும், சில சமயம் இடுப்பளவு ஆழத்துக்கே. மழைக்கு மறுநாள் ஓடைத் தண்ணீர் கலங்கலாகி, ஏரியின் தெளிந்த நீரோடு சேரும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி வீசுங்கள். பிளஃபர்ஸ் பார்க் உங்களுக்குப் பக்கம்தானே. துறைமுகச் சுவர்களிலும் நிற்கலாம்.

அலைவைஃப் மீன் அங்கே முக்கியமான இரை, அதனால் வெள்ளி நிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்), சின்ன மீன் வடிவிலுள்ள ஒல்லியான மினோ லூர் இரண்டும் வேலை செய்யும். மெதுவாகச் சுற்றுங்கள், குளிர்நீரில் மீன் ஓடித் துரத்தாது. அடியில் கோபி மீனும் நிறைய, ஆகவே பாறைக் கரையில் பழுப்பு நிறத்தில் ஒன்றை அடிதொட்டு இழுத்துப் பார்ப்பதும் நல்லது. பக்கத்து நியூயார்க் மாநிலத்தின் சாதனை பிரவுன், 33 பவுண்டு 2 அவுன்ஸ், இதே ஏரியில் 1997இல் பிடிபட்டது. செப்டம்பர், அக்டோபரில் முட்டையிட ஆற்று முகத்துக்கு மறுபடி வரும். அப்போது எங்கே பிடிக்கத் தடை என்று மாகாண விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கிளாஸ்கோ: லாக் ஓவில் படகில் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறோம். எவ்வளவு ஆழம், என்ன வேகம்?

உங்கள் ஏரி சாதாரணமானதில்லை. பிரிட்டனின் தூண்டில் சாதனை, 31 பவுண்டு 12 அவுன்ஸ், 2002இல் அங்கேதான் வந்தது. ஃபெராக்ஸ் என்று நீங்கள் சொல்லும் அந்த மீன், பனியுகம் விட்டுப்போன ஆர்க்டிக் சார் மீனைத் தின்று வாழ்வது. ஒரு அடியைத் தாண்டிய வயதில் பூச்சியை விட்டு மீனுக்கு மாறுகிறது, அப்புறம் மற்ற டிரவுட்டைவிடப் பல வருடம் கூட வாழ்கிறது. ஆகவே சோனாரில் (ஒலியால் நீருக்கடியில் பார்க்கும் கருவி) சார் கூட்டத்தைத் தேடுங்கள். பத்திலிருந்து இருபது மீட்டர் ஆழத்தில் மேகம் போலத் தெரியும். கூட்டத்துக்கு நடுவே இழுக்காதீர்கள், ஓரமாகவும் சற்று மேலாகவும் இழுங்கள். அடித்தளம் சட்டென்று இறங்கும் சரிவுகள் நல்ல பாதை. நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர். நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போனால் உள்பக்க லூர் தணியும், வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும். கடி பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் விழும். லூர் ஒரு சாண் நீளம் இருக்கட்டும், பயப்படாதீர்கள்.

மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரைதான் பருவம், அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்தத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை, உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள்.

சிட்னி: கோடையில் பகலில் ஒன்றுமே கடிப்பதில்லையே?

கடிக்காது. தண்ணீர் 12இலிருந்து 16 டிகிரி வரை இருந்தால் பிரவுனுக்கு இதம். 20ஐத் தாண்டினால் தவிக்கும். கோடையில் ஆழமான ஏரி, மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டும் சேரும் அடுக்கில்தான் மீன் நிற்கும். அந்த ஆழத்துக்கு லூரை இறக்கப் படகும், ஈயம் உள்ள கனமான நூலோ டவுன்ரிக்கரோ (எடை கட்டி லூரை ஆழத்தில் நிறுத்தும் கருவி) வேண்டும். அவை இல்லையென்றால் தூங்கிவிட்டு இரவில் போங்கள். நிலா இல்லாத இரவில் பெரிய பிரவுன் கரையோரம் மேய வரும். கறுப்பு லூர், மெதுவாக, மேல்மட்டத்தில். வானத்தின் பின்னணியில் அதற்குத் தெரிவது நிழல் மட்டும்தான், நிறம் அல்ல.

பிரிஸ்பேன்: தம்பி, நான் இப்பதான் தொடங்குறேன். என்ன ராடு, என்ன நூல்?

அக்கா, ஏழடி ஸ்பின்னிங் ராடு, 2500 அளவு ரீல், ஆறிலிருந்து பத்து பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), அதன் முன்னால் ஒன்றரை மீட்டர் ஃப்ளூரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நூல்). போதும். பணம் மிச்சம் இருந்தால் நல்ல போலராய்டு கண்ணாடி வாங்குங்கள். தூண்டில் ஊக்கு மட்டும் கூராக இருக்க வேண்டும், நகத்தில் வைத்தால் வழுக்கக் கூடாது.

லான்செஸ்டன்: பெரியது மாட்டினால் உயிரோடு விட ஆசை. ஆனால் எடை தெரிய வேண்டுமே?

அங்குலக் கணக்கில் நீளம், உடலின் பருத்த இடத்தில் சுற்றளவு இரண்டையும் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டு கணக்கில் தோராய எடை வரும். 28 அங்குல நீளம், 17 அங்குலச் சுற்றளவு என்றால் பத்து பவுண்டைத் தொட்டுவிட்டீர்கள்.

விடுவது என்று முடிவு செய்தால் அதைத் தூண்டில் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். மும்முனை ஊக்கைக் கழற்றி ஒற்றை ஊக்கு மாட்டி, அதன் நுனிக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் முள்ளை இடுக்கியால் நசுக்குங்கள். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. அந்த எடை முதுகெலும்பைப் பாதிக்கும். செவுளில் விரல் படவே கூடாது. மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும், கேமரா தயாரான பிறகு ஒருமுறை தூக்கி இறக்கினால் போதும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கவே போகாதீர்கள். நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்துவிடும்.

குன்னூர்: அவலாஞ்சியில் பிரவுன் டிரவுட் உண்டா ஐயா?

நீலகிரியில் பிரவுனைக் கொண்டுவந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ட ரெயின்போ டிரவுட் என்ற வேறு இனம்தான் தங்கியது. இந்தியாவில் பிரவுன் வேண்டுமென்றால் காஷ்மீர். 1900இல் வந்த முட்டைகளிலிருந்து அங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டது. அதுவும் பெரும்பாலும் ஓடை மீன், நாம் பேசும் அளவை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

டொராண்டோ: பெரிய மீன் சாப்பிட ருசியா?

இல்லை. ஒரு கிலோ மீன்தான் வறுக்க நல்லது. உங்கள் ஏரியில் பெரிய, கொழுத்த மீனில் வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை தின்னலாம் என்று மாகாண அரசே பட்டியல் போடுகிறது, அதைப் பாருங்கள்.

சிங்கப்பூர்: டிசம்பரில் குடும்பத்தோடு டாஸ்மேனியா வருகிறோம். ஒரு நாள் மட்டும் மீன்பிடிக்க முடியும். எங்கே போகலாம்?

ஒரு நாளில் பத்து பவுண்டு மீனை எதிர்பார்க்காதீர்கள். ஆர்தர்ஸ் ஏரிக்கோ கிரேட் லேக்குக்கோ போங்கள், பிள்ளைகளுக்கும் கடி கிடைக்கும். நன்னீரில் தூண்டில் போட உரிமம் வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். பல ஏரிகளில் லூரும் ஃப்ளையும் (இறகு, நூலால் கட்டிய போலிப் பூச்சி) மட்டும்தான், புழு போன்ற நிஜ இரை வைக்கக் கூடாது. வேறு நாட்டில் பயன்படுத்திய பூட்ஸ், வலை எதையாவது கொண்டுவந்தால் கழுவி, முழுக்கக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள். அப்புறம், கம்பளிச் சட்டை. அந்த ஏரிகள் ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டி இருப்பவை, கோடை என்று நம்பி வந்தால் பனி கொட்டும்.