இந்தியாவின் டாலர் கையிருப்பும் 2022இல் சரிந்தது. இலங்கை மட்டும் ஏன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது?

பார்க்க வேண்டியது கையிருப்பின் குறுகிய கால வெளியேற்றத்தை. அடுத்த 12 மாதங்களில் அன்னியச் செலாவணியில் கட்டியே தீர வேண்டிய அசல், வட்டி வகையறா அது. பர்ஸில் எவ்வளவு இருந்தாலும், ஒன்றாம் தேதி வாடகையும் சீட்டுப் பணமும் போக என்ன மிஞ்சும் என்றுதானே பார்ப்போம்?

2021 கடைசியில் இலங்கையிடம் இருந்தது சுமார் 310 கோடி டாலர் மதிப்புள்ள கையிருப்பு. அதில் ஏறக்குறைய பாதி சீன யுவான். டாலர் கடனுக்கு உதவாத காசு. 2022 ஜனவரியில் 50 கோடி டாலர், ஜூலையில் 100 கோடி டாலர் என்று திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பத்திரங்கள் வேறு வரிசையில் நின்றன. ஏப்ரலில் தவணையை நிறுத்திவிட்டார்கள். இந்தியா ஓராண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் இழந்தும், 52,000 கோடி டாலர் மிச்சம் இருந்தது.

'மொத்தக் கடன் கையிருப்பை மிஞ்சினால் நாடு திவால்' என்று வாட்ஸ்அப்பில் வருவது தவறு: இந்தியாவின் வெளிநாட்டுக் கடன் அப்போதும் கையிருப்பைவிட அதிகம்தான், ஆனால் பெரும்பகுதிக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது.